புல்லட்டின் எதிர் மரை

வாஷியில் நாலு தமிழ்க் குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் ஊரில் விட்டுவந்த சொத்துக்குப் போய்விடும். வீடு, கிணறு, கொஞ்சம் நிலம், அப்புறம் அப்பாவின் வண்டி. அந்த வண்டி பெரும்பாலும் ஒரு புல்லட். மாட்டுக் கொட்டகையிலோ மாடிப்படிக்குக் கீழேயோ நின்றுகொண்டிருக்கும். "காயலான் கடைக்குப் போட்டுடலாமா, ரிப்பேர் பண்ணலாமா?" என்பது கேள்வி. எங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வந்தது. அப்பாவின் வண்டி 1972ஆம் வருடத்தது. சென்னையிலிருந்து ரயில் பார்சலில் இங்கே வந்து சேர்ந்தபோது எஞ்சினுக்குள் வலது பக்கம் ஒரு உறுமல். பேரிங் தேய்ந்துவிட்டது என்று வண்டியைத் தொட்ட எல்லோரும் சொன்னார்கள்.

புது பேரிங்கின் விலை சில நூறு ரூபாய்தான். கடையில் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். பழையதைக் கழற்றுவதுதான் விஷயம். அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று தேடப் போய், நான் படித்த பி.காமுக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தேன். ரெட்டிட்ச், திருவொற்றியூர், புதுப்பேட்டை, கடைசியில் ஆர்.டி.ஓ. ஆபீஸ். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ரெட்டிட்ச் என்று ஒரு ஊர். ஊசி செய்வதற்குப் பெயர் பெற்றது. நம்ம சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி அந்த ஊருக்குத் தையல் ஊசி. அங்கே ஊசி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி சைக்கிள் பாகங்கள் செய்யத் தொடங்கி, சைக்கிள் செய்து, என்ஃபீல்டு என்ற ஊரிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்துகொடுத்து, அந்த ஊர்ப் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. 1901ல் மோட்டார் சைக்கிள். 'புல்லட்' என்ற பெயர் 1932ல் வந்தது. ஆனால் நமக்குத் தெரிந்த புல்லட், அதாவது பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த, 346 சி.சி. ஒற்றை சிலிண்டர் வண்டி, 1948ல் பந்தயங்களில் தலைகாட்டி 1949ல் விற்பனைக்கு வந்தது. சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 90 மி.மீ. அகலம் குறைவு, நீளம் அதிகம். அந்த 'டப்... டப்...' சத்தத்துக்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். நிதானமாகச் சுற்றும், இழுவை இருக்கும், அவசரம் இருக்காது.

ஊசி செய்த ஊர் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. பழைய எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு பாகமும் தனியாகக் கழலும்படி அமைத்திருப்பது தெரியும். சிலிண்டர் வார்ப்பிரும்பு. அதன் தலை அலுமினியம். கீழே கிராங்க் கேஸ் அலுமினியம். வாதாம் பருப்பைப் பிளந்த மாதிரி இடது பாதி, வலது பாதி. கியர் பெட்டி தனி. ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். இன்றைய வண்டிகளில் 'அசெம்பிளி' என்று ஒரு வார்த்தை சொல்லி மொத்தமாக மாற்றச் சொல்கிறார்களே, அந்த வியாபாரம் அன்றைக்கு இல்லை.

1955ல் ரெட்டிட்ச் கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. நம் ராணுவத்துக்கும் போலீசுக்கும் எல்லைச் சாலைகளில் ஓட உறுதியான வண்டி தேவைப்பட்டது, அதுதான் அடிப்படை. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1956 முடிவதற்குள் அப்படிப் பூட்டியது 163 வண்டிகள். 1957ல் பாகங்கள் செய்வதற்கான கருவிகளும் அச்சுகளும் இங்கே வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராகின.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இங்கிலாந்தில் புல்லட்டின் வடிவம் மாறிக்கொண்டே போனது. இங்கே வந்த கருவிகள் 1955 மாடலுக்கு உரியவை, எனவே இங்கே அந்த மாடலே நின்றது. 1967ல் ரெட்டிட்ச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970ல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியின் மிச்சமும் போய்விட்டது. திருவொற்றியூரில் மட்டும் அதே எஞ்சின் அதே அளவுகளில் வந்துகொண்டே இருந்தது. 1977ல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். அம்மா வீட்டில் மறந்துபோன பலகாரத்தை மகள் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய மாதிரி. 1994ல் ஐஷர் குழுமம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. வார்ப்பிரும்பு சிலிண்டர் எஞ்சின் 2010 வாக்கில்தான் முழுசாக நின்றது. அதாவது அரை நூற்றாண்டுக்கு மேலாக, அப்பாவும் மகனும் ஒரே எஞ்சினைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

இந்த அரை நூற்றாண்டின் பெரும்பகுதி லைசென்ஸ் காலம். வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தலைமுறை அது. இறக்குமதிக்கு ஆயிரம் கட்டுப்பாடு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கிராங்க் கேஸில் விரிசல் விழுந்தால் புதுசு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. தேய்ந்த பாகத்தை வெளியே எடுக்க வேண்டும். அதைத் தாங்கி நிற்கும் பாகத்தில் கீறல் விழக்கூடாது. புல்லட் மெக்கானிக்குகளின் வித்தை முழுக்க இந்த ஒரு நிபந்தனையிலிருந்து வளர்ந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

முதல் தடை இஞ்ச். நாடு 1956ல் மெட்ரிக் அளவைச் சட்டம் போட்டது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. அணாவும் சேரும் மணங்கும் படியேறிப் போயின. ஆனால் திருவொற்றியூர்க் கருவிகளுக்கு அந்தச் சட்டம் தெரியாதே! அவை இங்கிலாந்து மரையையே வெட்டிக்கொண்டிருந்தன. சட்டைப் பையில் பத்தின் கணக்கு, எஞ்சினில் பதினாறின் கணக்கு. இதனால் இன்றைக்கும் ஒரு தொல்லை. 'கால் இஞ்ச் விட்வொர்த்' ஸ்பேனர் என்றால் அதன் வாய் கால் இஞ்ச் அகலம் இருக்காது; கால் இஞ்ச் போல்ட்டின் தலைக்குப் பொருந்தும் என்று அர்த்தம். வாயின் அகலம் 0.525 இஞ்ச், அதாவது ஏறக்குறைய 13.3 மி.மீ. பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் உள்ளே போகாது, பதினாலாம் நம்பர் ஆடும். ஆடுகிற ஸ்பேனரை வைத்துப் பலம் கொடுத்தால் நட்டின் மூலைகள் மழுங்கும். மழுங்கிய நட்டை அப்புறம் ஸ்பேனரால் திருப்ப முடியாது. அடுத்து உளி வரும், சுத்தியல் வரும். பழைய புல்லட்டில் பாதி நட்டுகள் முரண்டு பிடிப்பதற்குக் காரணம் துரு இல்லை, முந்தைய மெக்கானிக்கின் பதினாலாம் நம்பர்.

சரியான விட்வொர்த் ஸ்பேனர் செட் வேண்டுமென்றால் சோர் பஜாரில் மட்டன் ஸ்ட்ரீட் பக்கம் தேடலாம், குர்லாவில் சி.எஸ்.டி. ரோடு பழைய சாமான் கடைகளில் கேட்கலாம். பொறுமை வேண்டும். பேரம் பேச இந்தியும் வேண்டும்.

இரண்டாவது தடைதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. புல்லட்டின் வலது பக்கம் டைமிங் கவர் என்று ஒரு பளபளப்பான மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே வரிசையாகப் பல் சக்கரங்கள். எல்லாவற்றுக்கும் தாய், கிராங்க் தண்டின் முனையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பினியன். அதைப் பிடித்து நிறுத்த ஒரு நட்டு. அந்த நட்டு வெறும் நட்டு மட்டும் இல்லை. அதன் உடம்பிலேயே திருகு மாதிரி பல் வெட்டியிருக்கும். அந்தத் திருகு ஒரு தண்டைச் சுழற்ற, தண்டின் ஒரு முனையில் எஞ்சினுக்கு எண்ணெய் கொடுக்கும் பம்பு, மறுமுனையில் எண்ணெயைத் திருப்பி எடுக்கும் பம்பு. புல்லட்டுக்கு எண்ணெய்த் தொட்டியும் அந்த கிராங்க் கேஸுக்குள்ளேயே வார்த்திருக்கிறார்கள். ஒரே நட்டு பினியனையும் பிடிக்கிறது, எஞ்சினின் ரத்த ஓட்டத்தையும் நடத்துகிறது. அதன் பல் உடைந்தால் எண்ணெய் ஏறாது. எண்ணெய் ஏறாவிட்டால் பத்து கிலோமீட்டரில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

அந்த நட்டுக்கு எதிர் மரை. நாம் வழக்கமாகத் தளர்த்தும் திசையில் திருப்பினால் இது இறுகும்.

ஏன் அப்படி வைத்தார்கள்? வலது பக்கத்திலிருந்து பார்த்தால் புல்லட்டின் கிராங்க், கடிகார முள் போகும் திசையில் சுற்றுகிறது. பம்பு எண்ணெயைத் தள்ளும்போது அந்தச் சுமை நட்டை எதிர்த் திசையில் பிடித்து இழுக்கும். சாதாரண மரையாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வந்துவிடும். எதிர் மரை வைத்தால் அதே இழுப்பு நட்டை இறுக்கிக்கொண்டே போகும். சைக்கிளின் இடது பெடலுக்கும் இதே மாதிரிதான், எதிர் மரை. வீட்டிலிருக்கும் டேபிள் ஃபேனில் இறக்கையைப் பிடிக்கும் பிளாஸ்டிக் மூடியைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவும் இப்படித்தான். ரெட்டிட்ச்காரர்கள் சைக்கிள் செய்து பழகியவர்கள். அவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய விஷயமாக இருந்திருக்கும்.

ஆனால் இங்கிலாந்தில் இது ஒர்க்ஷாப் புத்தகத்தில் அச்சடித்து வந்தது. நம் ஊர்ப் பட்டறைப் பையனுக்கு யார் சொல்வது? புத்தகம் ஆங்கிலத்தில். பட்டறையில் அதைப் படிக்கிற ஆள் இல்லை. ஆகவே ஆயிரக்கணக்கான புல்லட்டுகளில் ஆயிரக்கணக்கான பேர் அந்த நட்டைத் தவறான திசையில் முறுக்கியிருக்கிறார்கள். முறுக்க முறுக்க அது இறுகும். "ஜாம் ஆயிடுச்சு" என்பார்கள். ஸ்பேனருக்கு மேலே பைப்பைச் சொருகி நீளம் கூட்டுவார்கள். அப்புறம் உளி. உளி வழுக்கினால் பல் சிதையும், அல்லது தண்டின் மரையே உரிந்து வரும். கிராங்க் தண்டின் மரை போனால் கிராங்கை மொத்தமாக வெளியே எடுக்காமல் வழி இல்லை.

எங்கள் வண்டியும் இந்த விதிக்குத் தப்பவில்லை. நவி மும்பையில் ஒரு பட்டறையில் முதலில் காட்டினேன். டைமிங் கவரைக் கழற்றிய பையன் நேரே உளியை எடுத்துவிட்டான். "சார், ரெண்டு அடி, வந்துரும்." நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நட்டின் முகத்தில் ஏற்கெனவே ரெண்டு உளித் தழும்பு இருந்தது. எழுபதுகளிலோ எண்பதுகளிலோ ஊரில் யாரோ செய்த வேலை. தழும்பு இருந்த பக்கத்தைப் பார்த்தே எந்தத் திசையில் அடித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். தவறான திசைதான்.

இதற்குப் பிறகு கிடைத்தவர் தாராவியில் இருக்கும் ஒரு பெரியவர். திருநெல்வேலிப் பக்கம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சின்ன வயதில் மெட்ராஸில் புதுப்பேட்டையில் வேலை கற்றவர். எல்லோரும் அண்ணாச்சி என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நட்டைப் பார்த்தார், தழும்பைத் தடவினார். "அடிச்சாக் கழறும் தம்பி. கூட என்னெல்லாம் கழறும்னுதான் சொல்ல முடியாது" என்றார். டாப் கியரில் போட்டுப் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொன்னார், எஞ்சின் சுற்றாமல் இருக்க. பொருத்தமான விட்வொர்த் சாக்கெட்டை மாட்டி, கடிகாரம் சுற்றும் திசையில், அதாவது உலகமெல்லாம் இறுக்குகிற திசையில், ஒரே ஒரு முறை நிதானமாக அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"இங்க இதுக்கு உல்ட்டி சூடின்னு பேரு" என்றார். மும்பைப் பட்டறைகளில் மரைக்கு 'சூடி' என்கிறார்கள். இந்தியில் வளையலுக்கும் அதே வார்த்தை. யோசித்துப் பார்த்தால் மரையின் வரிகள் கைநிறைய அடுக்கிய வளையல் மாதிரிதான் இருக்கின்றன. ஸ்பேனருக்கு 'பானா'. நம் ஊரில் பல பட்டறைகளில் 'சாவி'. அண்ணாச்சியின் பேச்சில் மூன்றும் வரும். பானா கேட்டால் பையன் எடுத்துத் தருவான், சாவி என்று கேட்டால் விழிப்பான்.

நட்டு வந்தாலும் பினியன் வராது. தண்டின் மேல் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். பின்னால் விரல் நுழைய இடம் இல்லை. ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் அலுமினிய கிராங்க் கேஸில் பள்ளம் விழும், இல்லையென்றால் பினியனின் பல் உடையும். இதற்குப் புல்லர் வேண்டும். பினியனின் பின்பக்கத்தைப் பற்றிக்கொண்டு, நடுவில் ஒரு போல்ட்டால் தண்டைத் தள்ளும் கருவி. கம்பெனியே இதற்கென்று தனிக் கருவி செய்து டீலர்களுக்குக் கொடுத்தது. தெருப் பட்டறைக்கு அது எட்டாது. அதனால் லேத் பட்டறையில் ஒரு இரும்புத் துண்டைக் கடைந்து, ஓட்டை போட்டு, மரை வெட்டித் தாங்களே செய்துகொண்டார்கள். அண்ணாச்சியின் புல்லர் அப்படி ஒன்று. கரேலென்று, பிடிக்கிற இடத்தில் மட்டும் வெள்ளி மாதிரி தேய்ந்து. இழுப்பதற்கு முன்னால் பல் சக்கரங்களில் இருக்கும் புள்ளிகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அந்தப் புள்ளிகள்தான் வால்வு திறக்கும் நேரத்துக்குச் சாட்சி. திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளிப் போனாலும் வண்டி ஓடும் விதமே கெட்டுவிடும்.

இந்த வித்தை எப்படி ஊர் ஊராகப் போனது? ராணுவத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. வண்டி பழுது பார்க்க 1943ல் உருவான இ.எம்.இ. படைப்பிரிவு புல்லட்டையும் பார்த்துக்கொண்டது. அதிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் சொந்த ஊரில் பட்டறை வைத்தார்கள். ராணுவம் கழித்துக் கட்டிய புல்லட்டுகள் ஏலத்தில் வெளியே வந்தன. அவற்றைப் பிரித்து விற்றுத்தான் பல பழைய சாமான் கடைகள் பிழைத்தன. சென்னையில் புதுப்பேட்டை, இங்கே குர்லா. ஒரு பையன் பத்து வருடம் அந்தக் கடையில் உட்கார்ந்தால் நூறு எஞ்சினின் உள்ளே பார்த்துவிடுவான். புத்தகம் தேவையில்லை. புத்தகத்தில் இல்லாதது கூடத் தெரிந்துவிடும்.

இப்போது பேரிங். கிராங்கை வெளியே எடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோலர் பேரிங்கில் உள் வளையம் தண்டோடு போய்விடும். வெளி வளையம் மட்டும் கிராங்க் கேஸின் குழிக்குள் தங்கிவிடும். உள்ளே வழுவழு, பின்னால் விளிம்பு அடைத்திருக்கும். கொக்கி மாட்ட இடம் கிடையாது, தட்ட இடம் கிடையாது. எஃகு வளையம், அலுமினியக் குழி. உளி வைத்தால் தோற்பது அலுமினியம்தான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு, பாங்க்காரன் புத்தி. சூடு ஏறினால் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கு, அலுமினியம் 0.023 மி.மீ., எஃகு 0.012 மி.மீ. வளையத்தின் வெளி விட்டம் 62 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். அறையின் சூடு 30 டிகிரி, கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி, வித்தியாசம் 70. இரண்டுமே சூடானாலும் குழி வளையத்தைவிட 0.048 மி.மீ. அதிகமாக விரியும். ஒரு தலைமுடியின் பருமனில் பாதிக்கு மேல். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் வளையத்தைக் குழிக்குள் இறுக்கிப் பிடித்திருப்பதும் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்த இறுக்கம் போய்விட்டால் வளையம் தன் கனத்தாலேயே விழும்.

கிராமத்தில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. இரும்புப் பட்டாவை வட்டமாக எரு மூட்டிப் பழுக்கக் காய்ச்சி, மரச் சக்கரத்தில் மாட்டி, தண்ணீர் ஊற்றுவார்கள். 'உஸ்' என்ற சத்தத்தோடு பட்டா சுருங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். அங்கே மாட்டுவதற்குச் சூடு, இங்கே கழற்றுவதற்கு. கொல்லர் அறிந்ததைத்தான் அண்ணாச்சியும் செய்தார்.

கேஸ் டார்ச்சை வைத்து ஒரே இடத்தில் சுடுகிறவர்கள் உண்டு. வேகமாக வேலை முடியும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் அலுமினியம் கோணிக்கொள்ளும் அபாயம் உண்டு. அண்ணாச்சியின் முறை கல்யாண வீட்டு முறை. பெரிய அண்டா, நிறையத் தண்ணீர், அடியில் ஸ்டவ். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த கிராங்க் கேஸ் பாதியை அதில் முக்கிக் கொதிக்க விட்டார். தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் போகாது, அதனால் எவ்வளவு நேரம் விட்டாலும் பயமில்லை. எல்லாப் பக்கமும் ஒரே சூடு. அடுப்பில் வைத்துக் காய்ச்சுகிறவர்கள் தோசைக்கல் மாதிரி தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள், துளி சீறினால் போதும். அண்டாவுக்கு அந்தச் சோதனையும் தேவையில்லை.

அரை மணி நேரம் ஆனதும் கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே எடுத்தார். குழி கீழே பார்க்கும்படி பிடித்து, மரப் பலகையின் மேல் சமமாக ஒரு தட்டு. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அண்டா. இந்த முறை இன்னும் கொஞ்ச நேரம். இரண்டாவது தட்டில் வளையம் பலகையில் விழுந்து உருண்டது. ஐம்பது வருட எண்ணெய்க் கசடு அதன் முதுகில் கறுப்பாக ஒட்டியிருந்தது. முதல் முறை பிடித்துவைத்திருந்தது அதுதான். குழியின் சுவரில் ஒரு கீறல் இல்லை. புது வளையத்தை முதல் நாளே ஐஸ் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். சூடு ஆறுவதற்குள் அதைக் குழியில் விட, கையாலேயே அடி வரை போய் உட்கார்ந்தது.

இவ்வளவு பத்திரம் ஏன் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இது எனக்கு ஆபீஸ் வேலையில் பழகிப்போன விஷயம், காகிதம். புல்லட்டின் எஞ்சின் நம்பர் கிராங்க் கேஸில் அடித்திருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பரோடு அந்த நம்பரும் இருக்கும். வேறு மாநிலத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு வேண்டும். இங்கே வாஷியில் எம்.எச். 43. அச்சில் இருப்பதும் ஆர்.சி.யில் இருப்பதும் ஒத்துப்போனால்தான் காரியம் நகரும்.

கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளையும் ஜோடியாகச் சேர்த்துக் கடைந்திருப்பார்கள். வலது பாதி உடைந்தால் வேறு வண்டியின் வலது பாதியைக் கொண்டுவந்து ஒட்டினால் துளைகள் நேருக்கு நேர் வராது. ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் நம்பரும் போய்விடும். நம்பர் போனால் ஆர்.டி.ஓ. அனுமதி, விளக்கம், அலைச்சல். அப்பாவின் பெயரில் இருந்த வண்டி காகிதத்தில் வேறு வண்டியாகிவிடும். உளியால் ரெண்டு அடி என்பதன் உண்மையான விலை இது. சில நூறு ரூபாய் பேரிங்குக்காக வண்டியின் அடையாளத்தையே பணயம் வைப்பது.

2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வண்டிகளுக்கென்று ஒரு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய, சொந்த உபயோக, இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதியலாம். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. நிபந்தனை என்னவென்றால், வண்டி அதன் அசல் நிலையில் இருக்க வேண்டும். சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. பேரிங் மாற்றுவது பழுது பார்ப்பது. கிராங்க் கேஸையே மாற்றினால் கேள்வி வரும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: அப்படிப் பதிந்த வண்டியைத் தினமும் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சில காரியங்களுக்கு மட்டும்தான். அலமாரியில் வைக்க வண்டி வேண்டுமென்றால் அது சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்கா போய் இட்லி சாப்பிட்டு வர வேண்டுமென்றால் சாதாரணப் பதிவுதான். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும்.

ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து ஒருமுறை பாருங்கள். கடன் போட்டு வாங்கிய வண்டிகளில் பலவற்றில் 'ஹைபாதிகேஷன்' முத்திரை அப்படியே இருக்கும். கடனை எழுபதுகளிலேயே கட்டி முடித்திருப்பார்கள், முத்திரையை யாரும் நீக்கியிருக்க மாட்டார்கள். அதற்குப் படிவம் 35 இருக்கிறது, கடன் கொடுத்தவரின் கையெழுத்து வேண்டும். கடன் கொடுத்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்திருந்தால் இணைந்த நிறுவனத்தில் கேட்க வேண்டும். பழைய பேரேட்டைத் தேடி எடுக்க அவர்களுக்கும் நேரமாகும். எதிர் மரையை விட இது கழல நாளாகும், நான் கவுண்டரின் இந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் வண்டியில் அந்த முத்திரை இல்லை, அப்பா கையிருப்பில் வாங்கியிருக்கிறார். எஞ்சினைப் பூட்டியாயிற்று, உறுமல் இல்லை. உளித் தழும்பு விழுந்த அந்த நட்டின் பற்கள் நன்றாகவே இருந்ததால் அதையே திரும்பப் போட்டோம், எதிர்த் திசையில் இறுக்கி. பென்சில் அச்சு எடுத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறேன், தம்பி அங்கே தடையில்லாச் சான்றுக்கு அலைந்துகொண்டிருக்கிறான். அது வரும் வரை வண்டி எங்கள் சொசைட்டி பார்க்கிங்கில் ஸ்டாண்டு போட்டு நிற்கிறது.